மாதங்கித் தீவில் ஒரு மரக் கைங்கர்யம்

மாதங்கி என்ற பெயர் செவியில் விழுந்தவுடன், வீணை ஏந்திய சியாமளையின் பச்சைத் திருமேனியே பக்தர்களின் உள்ளத்தில் தோன்றும். மதுரையில் அரசாளும் மீனாட்சியையும் அந்தத் திருநாமத்தால் போற்றுவது மரபு. அதே ஒலியைத் தன் பெயரில் தாங்கிய தீவு ஒன்று, பாரத நாட்டிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில், நியூசிலாந்தில் உள்ளது. திரிதிரி மாதங்கி என்பது அதன் பெயர். அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மொழியில் மாதங்கி என்றால் காற்று. காற்றில் அலைக்கழியும் இடம் என்று இப்பெயருக்குப் பொருள் கூறுவர். அம்பிகையின் திருநாமத்தோடு இதற்கு உறவு ஏதும் இல்லை; ஒலி ஒற்றுமை மட்டுமே. ஆயினும், அத்தீவு இழந்துவிட்ட பச்சை வண்ணத்தை எளிய மக்களின் கைகள் மீட்டுக் கொடுத்த வரலாறு, ஆலயத் தொண்டில் நாட்டமுள்ள எவரும் அறிந்து மகிழத்தக்கது.

ஆக்லாந்து நகருக்கு வடக்கே, ஹவுராக்கி வளைகுடாவில், கரையிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில் அத்தீவு அமைந்துள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 220 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் சுமார் 540. மாவோரி மக்கள் பல தலைமுறைகள் அங்கு வாழ்ந்து, மீன் பிடித்து, கிழங்கு பயிரிட்டு வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பியர் ஆடு மாடுகளைக் கொண்டுவந்து மேய்க்கத் தொடங்கினர். 1865ஆம் ஆண்டு முதல் அங்கு ஒரு கலங்கரை விளக்கம் ஒளி தந்து வருகிறது. விளக்கு வந்தது, கப்பல்கள் வழி கண்டன. ஆனால் தீவின் காடு வழி இழந்தது. ஏறத்தாழ 120 ஆண்டுகள் நீடித்த மேய்ச்சலுக்குப் பின் பார்த்தபோது, பழங்காட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு அழிந்திருந்தது. கால்நடைகள் எளிதில் இறங்க இயலாத சில பள்ளத்தாக்குகளில் மட்டும் முதிய மரங்கள் எஞ்சி நின்றன.

தானே வளரும் என்று காத்திருந்த காலம்

1971ஆம் ஆண்டில் மேய்ச்சல் குத்தகை முடிவுக்கு வந்தது. கால்நடைகள் அகற்றப்பட்டன. இனி மனிதன் விலகி நின்றால் போதும், காடு தானே திரும்பி வரும் என்று அதிகாரிகள் எண்ணினர். அந்த எண்ணம் தவறு என்று சொல்வதற்கில்லை. பல இடங்களில் அவ்வாறே நிகழ்ந்துள்ளது. ஆனால் திரிதிரி மாதங்கியில் அது நிகழவில்லை. மேயும் வாய்கள் இல்லாமற்போனதும் அயல்நாட்டுப் புல் இடுப்பளவு உயர்ந்தது. பெரணிச் செடிகள் புதராக மண்டின. பறவைகள் உதிர்த்த விதைகள் மண்ணைத் தொடவே இயலவில்லை. தொட்டு முளைத்தவையும் வெளிச்சம் காணாமல் மடிந்தன.

கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பழங்கோயிலின் நிலையோடு இதனை ஒப்பிடலாம். இடித்தவன் போய்விட்டான் என்பதனால் கோபுரம் தானே எழுந்துவிடுவதில்லை. யாரேனும் முன்வந்து புதர் நீக்கி, கல் எடுத்து வைக்க வேண்டும். ஒரு முறை கெட்டுப்போனதை மீட்பதற்குக் கெடுதலை நிறுத்துவது மட்டும் போதாது, கைங்கர்யமும் வேண்டும்.

ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிரெய்க், நீல் மிட்செல் என்னும் அறிஞர் இருவர் தீவை ஆராய்ந்து ஒரு கருத்தை முன்வைத்தனர். மரங்களை மனிதர்களே நட வேண்டும். அந்த மனிதர்கள் கூலியாட்களாக அன்றிப் பொதுமக்களாக இருக்க வேண்டும் என்பதே அது. அக்காலத்தில் அரிய உயிர்கள் வாழும் தீவுகளுக்குள் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கமில்லை. மனிதன் கால் படாதிருப்பதே காட்டுக்குக் காப்பு என்று கருதப்பட்டது. திரிதிரி மாதங்கியோ எல்லோரும் வந்து தொண்டு செய்யக்கூடிய திறந்த சரணாலயமாக அமைய வேண்டும் என்று அவ்விருவரும் வாதிட்டனர். கதவைத் திறந்தால் கேடு வருமோ என்ற அச்சம் பலருக்கு இருந்தது. இறுதியில் கதவு திறக்கப்பட்டது.

விளக்குக் காவலர் நாற்றுக் காவலர் ஆனார்

அப்போது அத்தீவின் கலங்கரை விளக்கத்தைக் காத்து வந்தவர் ரே வால்டர் என்பவர். 1984ஆம் ஆண்டில் விளக்கு தானியங்கி முறைக்கு மாறியது. அதற்குக் காவலர் தேவையில்லை என்றாயிற்று. தலைமுறை தலைமுறையாக நடந்து வந்த ஒரு பணி அவரோடு முடிந்தது. பணி முடிந்தவர் ஊர் திரும்பிவிடவில்லை. தீவிலேயே தங்கி, நாற்றங்காலின் பொறுப்பை ஏற்றார். எஞ்சியிருந்த முதிய மரங்களின் விதைகளைச் சேகரித்து முளைக்க வைத்து, நாற்றுகளை வளர்த்துத் தொண்டர்களின் கையில் கொடுத்தார். அவருடைய துணைவியார் பார்பராவும் அப்பணியில் இணைந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அத்தீவே அவருக்கு இல்லமாக இருந்தது. ஓய்வு பெற்றபின் இனி யாருக்கு என்ன பயன் என்று சோர்ந்து அமரும் பெரியவர்கள் இவரை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

1984 முதல் 1994 வரை பத்தாண்டுகள் நடவு நடைபெற்றது. பள்ளிப் பிள்ளைகள், சாரணர்கள், சங்கங்களைச் சேர்ந்தோர், குடும்பம் குடும்பமாக வந்தோர், முதியோர் எனப் பலதரத்தாரும் படகேறி வந்தனர். அந்நாட்டில் மழையும் குளிரும் சேர்ந்த மாதங்களே நடவுக்கு ஏற்ற காலம். ஈரக் காற்று முகத்தில் அறையும் சரிவுகளில், புல்லை விலக்கி, குழி தோண்டி, நாற்றை ஊன்றி, மண்ணை மிதித்து உறுதிப்படுத்திவிட்டு, மாலைப் படகில் ஊர் திரும்பினர். பத்தாண்டு முடிவில் நடப்பட்ட மரங்கள் இரண்டரை லட்சத்துக்கும் அதிகம். இத்தொண்டர்களை ஒருங்கிணைக்க 1988ஆம் ஆண்டில் ஒரு சங்கம் தோன்றியது. அது இன்றும் இயங்கி வருகிறது. தீவு முழுவதும் மரம் நட்டுவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. ஏறத்தாழ அறுபது விழுக்காட்டு நிலம் காடாயிற்று. மற்றது புல்வெளியில் வாழும் பறவைகளுக்காக அவ்வாறே விடப்பட்டது.

நாவலுக்கும் வேம்புக்கும் உறவினர்

அங்கு நடப்பட்ட மரங்களின் பெயர்கள் தமிழர் செவிக்குப் புதியவை. அவற்றின் குலமோ பழக்கமானது. கடற்கரைப் பாறைகளைப் பற்றிக்கொண்டு வளர்ந்து, டிசம்பர் மாதத்தில் செந்நிறப் பூக்களால் கரையையே சிவக்கச் செய்யும் போஹுட்டுகாவா, நாவல் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. திருவானைக்காவில் தல விருட்சமாக விளங்கும் வெண்ணாவலுக்கு அது தூரத்து உறவு. அடிமரத்திலிருந்தே பூங்கொத்துகளைத் தொங்கவிட்டு, குளிர்காலத்தில் பறவைகளுக்குத் தேன் வழங்கும் கோஹேகோஹே, மாரியம்மன் சந்நிதியில் தழைக்கும் வேம்பின் குடும்பம். ஆண்டு முழுவதும் பூவோ காயோ கனியோ தாங்கி நிற்கும் பூரிரி, தமிழக வேலியோரத்து நொச்சியின் நேர் இனம். கடல்கள் பிரித்த போதிலும் மரங்களின் சுற்றம் அறுபடவில்லை.

மாவோரி மக்களின் மரபில் காடு ஒரு தெய்வத்துக்கு உரியது. தானே என்பது அத்தெய்வத்தின் பெயர். வானம் தந்தை, பூமி தாய். இருவரும் இறுகத் தழுவிக் கிடந்ததால் பிள்ளைகள் இருளில் தவித்தனர். அவர்களுள் ஒருவனான தானே, தாயின் மேல் தலையூன்றிக் கால்களால் தந்தையை உயரத் தள்ளியதனால் இடையில் ஒளி புகுந்தது என்பது அவர்கள் கூறும் புராணம். வானுக்கும் மண்ணுக்கும் நடுவே ஓங்கி நிற்கும் ஒவ்வொரு மரமும் அத்தெய்வத்தின் செயலை நினைவூட்டுகிறது. பறவைகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லும்போது, அனுப்பும் ஊரின் மாவோரி குடியினர் பிரார்த்தனையோடு விடை கொடுப்பதும், பெறும் ஊரின் குடியினர் பிரார்த்தனையோடு வரவேற்பதும் அங்கு வழக்கம். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய குடும்பங்களுக்கு அந்த நிகழ்ச்சியின் உணர்வு எளிதில் விளங்கும்.

இரண்டு சங்கடங்கள்

நற்பணி என்பதனால் எல்லாம் நேராகவே நடந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. முதலாவது, நட்டவர்களின் கணக்கு ஓரிடத்தில் பிழைத்தது. காற்றையும் உப்பையும் தாங்கும் போஹுட்டுகாவாவை முதலில் மிகுதியாக நட்டால், அதன் நிழலில் மற்ற மரங்கள் பின்னர் தழைக்கும் என்று கருதினர். போஹுட்டுகாவா எதிர்பார்த்ததைவிடச் செழித்தது. அதன் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, கீழே வெளிச்சம் விழவில்லை; சருகு அடுக்கின் மேல் வேறெதுவும் முளைக்கவில்லை. தம் கையால் நட்டு வளர்த்த மரங்கள் சிலவற்றைத் தாமே அகற்றி இடைவெளி உண்டாக்க வேண்டிய நிலை பின்னாளில் ஏற்பட்டது. பக்தியோடு செய்த செயலிலும் பிழை நேரும். அதனை ஒப்புக்கொண்டு திருத்துவதும் பக்தியின் ஒரு பகுதியே.

இரண்டாவது சங்கடம் இன்னும் கடினமானது. மாவோரி முன்னோர் பசிபிக் கடலில் ஓடங்களில் வந்தபோது அவர்களோடு வந்து சேர்ந்த கியோரே என்னும் எலி தீவெங்கும் பெருகியிருந்தது. அது விதையையும் இளங்குருத்தையும் பல்லியையும் பறவை முட்டையையும் உண்டு வந்தது. 1993ஆம் ஆண்டில் வானிலிருந்து நஞ்சு தூவி அவ்வெலிகளை முற்றிலும் ஒழித்தனர். மாவோரி குடிகளுள் சிலர் கியோரேவைத் தம் முன்னோரின் செல்வமாகப் போற்றுபவர்கள். மூஷிக வாகனனைத் தொழுத பின்னரே எச்செயலையும் தொடங்கும் குடும்பங்களுக்கும் இது நெஞ்சை உறுத்தும் செய்தியே. எலியின் மேல் குற்றமில்லை. அது பசிக்கு உண்டது. அதனைக் கொண்டுவந்தவன் மனிதன். அதன் விளைவைச் சுமக்க வேண்டியவனும் மனிதனே. ஓர் உயிரைக் காக்க மற்றோர் உயிரை நீக்கும் செயல் தருமமா என்ற வினாவுக்கு எளிய விடை கிடையாது. எலிகள் நீங்கியபின் நாற்றுகள் பெருகின என்பதும், பல்லிகளும் பறவைகளும் பெருகின என்பதும் உண்மை. அந்த உண்மை வினாவின் பாரத்தைக் குறைக்குமே அன்றி, முற்றிலும் இறக்கி வைத்துவிடாது.

முதுமை மட்டுமே தரும் கொடை

மரங்கள் எழ எழப் பறவைகள் வந்தன. முதுகில் சேணம் பூட்டியது போன்ற செம்பழுப்புத் திட்டுடைய டீயேக்கே 1984ஆம் ஆண்டிலேயே கொண்டுவரப்பட்டது. உலகிலிருந்து மறைந்துவிட்டது என்று எழுதப்பட்டு, 1948ஆம் ஆண்டில் மலைப்பகுதி ஒன்றில் மீண்டும் கண்டறியப்பட்ட தாக்காஹே என்னும் பறக்க இயலாத நீலப் பறவை 1991ஆம் ஆண்டில் இங்கு வந்து புல்வெளியில் மேயத் தொடங்கியது. 1995ஆம் ஆண்டில் ஹிஹி, 1997ஆம் ஆண்டில் கோக்காக்கோ, 2003ஆம் ஆண்டில் தொன்மையான ஊர்வன இனமான துவாத்தாரா என ஒவ்வொன்றாகக் குடியேறின.

வந்த பறவைகளுக்கு ஒரு குறை இருந்தது. ஹிஹியும் டீயேக்கேயும் மரப்பொந்தில் கூடு கட்டும் இனங்கள். புதிய காட்டிலோ பொந்து கிடையாது. இளமரத்தில் பொந்து உண்டாவதில்லை. கிளை முறிந்து, மழைநீர் இறங்கி, உள்மரம் மெல்ல உளுத்து, பல பத்தாண்டுகள் சென்ற பின்னரே ஒரு குஞ்சு உறங்கும் அளவுக்கு இடம் அமையும். நாற்றை நடலாம், நீர் ஊற்றலாம், எலியையும் ஒழிக்கலாம். முதுமையை நட இயலாது. ஆகவே தொண்டர்கள் மரப்பெட்டிகள் செய்து கிளைகளில் பொருத்தினர். பறவைகள் அவற்றை ஏற்றுக்கொண்டன.

இளங்காட்டில் ஹிஹிக்குப் போதிய தேனும் கிடைக்கவில்லை. அதனால் சர்க்கரை நீர் நிரப்பிய கலங்களைக் காட்டில் வைத்து, அவற்றைக் கழுவி, மீண்டும் நிரப்பும் பணி ஆண்டு முழுவதும் நடைபெறுகிறது. திருவமுது தவறாமல் படைக்கும் நித்திய கைங்கர்யம் போன்றது அது. ஒரு நாள் உற்சவத்துக்குக் கூட்டம் சேரும்; ஒவ்வொரு நாளும் பாத்திரம் துலக்குபவரே கோயிலைக் காப்பவர். இப்பணியிலும், வருவோருக்கு வழிகாட்டும் பணியிலும் ஈடுபடுவோர் பலர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்.

பார்வதி தேவி ஓர் அசோகக் கன்றை நட்டுப் பிள்ளையாகப் பாவித்து வளர்த்தாள் என்றும், பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மரம் ஈடு என்று முனிவர்களிடம் உரைத்தாள் என்றும் மச்ச புராணம் கூறும். பிள்ளைகள் தொலைதேசத்தில் இருக்கும் பெற்றோர் இக்கதையை ஆறுதலாகக் கொள்வதுண்டு. ஆனால் அதில் வேறொரு பொருளும் அடங்கியுள்ளது. பெற்ற பிள்ளையின் வளர்ச்சியைப் பெற்றோர் தம் வாழ்நாளில் காண்கின்றனர். பூரிரி போன்ற மரமோ பல நூற்றாண்டுகள் வாழக்கூடியது. அதனை நட்டவர் அதன் இளமையை மட்டுமே காண்பார். 1984ஆம் ஆண்டில் அறுபது வயதில் மண்வெட்டி பிடித்தவர்கள் தாம் நட்ட மரத்தில் பொந்து உண்டாவதைக் கண்டிருக்க இயலாது. தம்மால் காண இயலாது என்பதை அறிந்தே அவர்கள் குனிந்து மண்ணை மூடினர். பலனில் பற்று வைக்காமல் செயலாற்றுதல் என்று கீதை போதிப்பதை, அந்நூலை ஒருவேளை அறியாமலே, அவர்கள் கடைப்பிடித்தனர்.

இன்றைக்கும் அத்தீவில் கால் வைப்பதற்கு ஒரு நியமம் உண்டு. பையைத் திறந்து பார்த்து, எறும்போ எலியோ விதையோ ஒளிந்திருக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். காலணியில் ஒட்டிய மண்ணைத் துலக்கிய பிறகே படகேற வேண்டும். கால் கழுவிக் கோயிலுக்குள் நுழைந்து பழகியவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை.

ஆக்லாந்தில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. மகனையோ மகளையோ காணச் சென்று, பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போன பின் சன்னலோரம் அமர்ந்து பொழுதைக் கழிக்கும் முதியோர் அங்கு உண்டு. ஒரு விடுமுறை நாளில் பேரனையோ பேத்தியையோ அழைத்துக்கொண்டு அவர்கள் அத்தீவுக்குச் சென்று வரலாம். காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். நாவலின் உறவான மரத்தையும் வேம்பின் உறவான மரத்தையும் குழந்தைக்குக் காட்டலாம். கிளையில் பொருத்திய மரப்பெட்டி எதற்கு என்று குழந்தை நிச்சயம் கேட்கும். இந்த மரத்துக்கு இன்னும் தாத்தாவின் வயது ஆகவில்லை, ஆனதும் அதுவே பறவைக்கு வீடு கொடுக்கும், அதுவரைக்கும் இந்தப் பெட்டி என்று தாத்தா விடை சொல்லலாம்.